கன்சில் பின் பிரேக்கும் ஒடிந்த நிப்பிளும்

அப்பாவோட 1996 கன்சில் காரை நான்தான் இன்னும் ஓட்டுகிறேன். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக்காட்டு மண்சாலையில் ஓடியே பாதி ஆயுசு போன காடி. போன மாதம் பிரேக் மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போனது. பிரேக் ஆயில் பைப்பில் புகுந்த காற்றை எடுத்துவிட்டால் சரியாகிவிடும், அரை மணி நேர வேலை என்று சனிக்கிழமை காலை ஜாக்கி போட்டேன்.

காற்றை வெளியே விட ஒவ்வொரு சக்கரத்திலும் நிப்பிள் என்கிற ஓட்டையுள்ள சின்னத் திருகு இருக்கும். முன்னால் இரண்டும் ஒழுங்காகத் திறந்தன. பின்னால்தான் வம்பு. ரப்பர் மூடி எப்போது விழுந்ததோ, நிப்பிள் ஓட்டையில் செம்மண் அடைத்து, மரை முழுக்கத் துரு. வலது பக்கம் பன்னிரண்டு முனை ஸ்பேனரை மாட்டி ஒரே இழுப்பு, முனை மழுங்கியது. அங்கேயே நிறுத்தாமல் வைஸ் கிரிப்பால் கடித்துத் திருப்பினேன், தலை மட்டும் கையோடு வந்துவிட்டது.

சத்தம் கேட்டு பக்கத்து வீட்டுப் பெரியப்பா வந்தார், தோட்டத்து லாரிப் பட்டறையில் போமேனாக (மெக்கானிக்காக) இருந்தவர். "உள்ளே பொத்தல்டா அது, முறுக்குனா ஒடியாம என்ன செய்யும்?" என்றார். கேஸ் டார்ச்சால் சூடு காட்டலாமா என்று கேட்டதற்கு, பிரேக் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வெந்துவிடும் என்று திட்டு வேறு.

இடது பக்கத்தை அவர் சொன்னபடி செய்தேன். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை மரை ஓரம் விட்டு ராத்திரி முழுக்க ஊற வைத்தேன். மறுநாள் ஓட்டைக்குள் சரியாகப் பொருந்தும் டிரில் பிட்டின் வழவழப்பான அடிப்பக்கத்தைச் சொருகினோம், நிப்பிள் நசுங்காமல் இருக்க. தலையில் சுத்தியலால் லேசாக நாலு தட்டு. அப்புறம் ஆறு முனை சாக்கெட் போட்டு, முதலில் இறுக்கும் பக்கம் துளி அசைத்துவிட்டு, பிறகு தளர்த்தும் பக்கம். 'டிக்' என்று ஒரு சத்தம், எனக்கு வயிற்றைக் கலக்கியது, இதுவும் ஒடிந்ததோ என்று. இல்லை, அசைந்திருக்கிறது. முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக, நடுநடுவே எண்ணெய் விட்டு, இருபது நிமிடத்தில் கழன்றது.

வலது பக்கத்தில் துளைபோட்டு மரை எடுக்கிற வேலைக்கெல்லாம் போகவில்லை, பின் சிலிண்டரையே இரண்டு பக்கமும் மாற்றிவிட்டேன். புதுசுக்கு நிப்பிளும் கூடவே வருகிறது. பைப் நட்டும் இறுகித்தான் கிடந்தது, அதற்கும் ஒரு ராத்திரி ஊறல்.

மகன் பெடல் மிதிக்க, பழைய ஆயில் கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) நிறத்தில் வந்தது. தண்ணீரை இழுக்கிற ஆயில் அது, அதனால் உடைக்காத டின்னாக டாட் 3 பிரேக் ஆயில் வாங்கினேன். பெயிண்ட்டில் சிந்தியதை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். நாலு நிப்பிளுக்கும் இப்போது ரப்பர் மூடி போட்டாயிற்று.