அவையள் வருகினம்

எங்கள் ஆங்கில ஆசிரியர் காலமான செய்தி வட்ஸ்அப் குழுவுக்கு வந்தபோது ரொறன்ரோவில் அதிகாலை நான்கு மணி. முதலாவதாக அனுதாபம் எழுதிய நண்பர் அடுத்த வரியிலேயே, "அவையளுக்கு அறிவிச்சாச்சோ?" என்று கேட்டிருந்தார். ‘அவையள்’ என்பது நான் ஒருவன்தான். 1977இல் எட்டாம் வகுப்பில் எனக்கு வைக்கப்பட்ட அந்தப் பட்டம், கடல் கடந்தும் தலை நரைத்தும் இன்றுவரை செல்லுபடியாகிறது. அதன் கதையைத் தெரியாத இளையவர்களும் இம்மலரைப் படிப்பார்கள் என்பதால், வெட்கத்தை ஒருபுறம் வைத்துவிட்டு அதையே எழுதுகிறேன்.

அன்று இடைவேளைக்குப் பின் வந்த முதற் பாடம். அதிபரைப் பற்றிப் பத்து வசனங்கள் எழுதும்படி சேர் சொல்லியிருந்தார். நான் எழுதியது இப்படித் தொடங்கியது: ‘அவர் பிரின்சிப்பல் இஸ் எ குட் மான். தே கம் பை கார். தே லவ் அஸ்.’ (அந்த முதற்சொல் ஆங்கில ‘அவர்’, தமிழ் அவர் அல்ல. குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.) அதிபரை ‘ஹி’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ‘ஹி’ என்றால் அவன். அதிபரை அவன் என்று எழுதியது தெரிந்தால் அம்மம்மா அகப்பைக் காம்பைத் தேடியிருப்பார். ஆகவே கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இருந்த அட்டவணையில் ‘அவர்கள்’ என்பதற்கு நேரே இருந்த ‘தே’யை மிகுந்த மரியாதையுடன் எடுத்து வைத்தேன்.

சேர் என்னை எழுப்பி வாசிக்கச் சொன்னார். மூன்றாவது வசனத்தில் கையை உயர்த்தினார்.

"எங்கட பள்ளிக்கூடத்தில எத்தினை அதிபர்?"

"ஒராள், சேர்."

"தே எண்டால் எத்தினை பேர்?"

"கன பேர், சேர்."

"அப்ப ஒருக்காப் போய் எண்ணிக்கொண்டு வாரும்."

நான் உண்மையிலேயே போனேன். அலுவலக வாசலில் நின்ற என்னைப் பார்த்து அதிபர் என்ன வேண்டும் என்று கேட்க, "உங்களை எண்ண வந்தனான், சேர்" என்றேன். அவர் பேனையை மூடி மேசையில் வைத்தார். எழுந்து வாசலுக்கு வந்தார். சால்வையைச் சரிசெய்துகொண்டு, எனக்கு முன்னால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி நின்றார். "வடிவாய் எண்ணினீரோ?" என்றார். "ஓம் சேர், ஒராள்." "அப்பிடியே போய்ச் சொல்லும்." நான் வகுப்பு வாசலை அடைவதற்குள் பின் வாங்கிலிருந்து ஒரு குரல் எழுந்தது: "அவையள் வருகினம்!"

அந்தச் சிரிப்பு என் காதில் இருந்து இறங்கப் பல ஆண்டுகள் ஆயின. ஆனாலும் ஆங்கிலப் பிரதிப்பெயர்களை இன்றுவரை நான் பிழைவிடாமல் எழுதுவது அந்த மனிதரால்தான் என்பதையும் மறுக்க இயலாது. ‘ஐ, மீ, மை, மைன், மைசெல்ஃப்’ என்று வாய்ப்பாட்டு இராகத்தில் நாங்கள் ஒப்பித்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ‘மைசெல்ஃப்’ சரியென்றால் ‘ஹிஸ்செல்ஃப்’ ஏன் பிழை, எதற்காக அங்கே மட்டும் ‘ஹிம்செல்ஃப்’ என்று ஒருவன் கேட்டபோது, "அது வெள்ளைக்காரன்ர வீட்டுப் பிரச்சினை, நாங்கள் தலையிடக் கூடாது" என்றார். ‘ஹூ’வா ‘ஹூம்’மா என்று தடுமாறினால் கேள்விக்கு விடை சொல்லிப் பார்க்க வேண்டும், விடையில் ‘ஹிம்’ வந்தால் கேள்வியில் ‘ஹூம்’, இரண்டும் ‘ம்’மில் முடியும். ‘மை பிரதர் அண்ட் ஐ’யா, ‘மை பிரதர் அண்ட் மீ’யா என்று சந்தேகம் வந்தால், "தம்பியைக் கொஞ்ச நேரம் வெளியில நிப்பாட்டிப்போட்டு வசனத்தை வாசியும்" என்பார். ‘ஹி கேவ் இட் டு ஐ’ என்று எவரும் சொல்வதில்லை. ஆகவே தம்பி திரும்பி வந்த பிறகும் ‘மீ’தான். இதைவிட எளிதாக அந்த விதியைச் சொன்ன எவரையும் நான் பிறகு சந்திக்கவில்லை.

அவருடைய ஆங்கிலப் பாடத்தில் பாதி தமிழ்ப் பாடம் என்பது எனக்கு இங்கே வந்த பின்னரே புரிந்தது. மேசைக்கு அடியில் மாங்காயை ஒளித்தவனிடம் "உதென்ன கையில?" என்று கேட்டவர், அடிப்பதற்குப் பதிலாகக் கரும்பலகைக்குத் திரும்பினார். ‘இது’ என்றால் என்னருகில். ‘அது’ என்றால் எட்டத்தில். ‘உது’ என்றால் உன் கையில். "வெள்ளைக்காரனிட்ட திஸ்ஸும் தட்டும்தான். உது இல்லை. மாங்காயை அவன் எப்பிடிப் பிடிப்பான்?" பழந்தமிழின் அந்த உகரச் சுட்டு தமிழகத்துப் பேச்சிலிருந்து மறைந்துவிட்டதென்றும், எங்கள் வாயில் மட்டும் எஞ்சியிருப்பதென்றும் சொன்னார். நீ, நீர், நீங்கள் ஆகிய மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே ‘யூ’தான் என்பதில் அவருக்கு ஒரு மனத்தாங்கலே இருந்தது. எங்களை எப்போதும் ‘நீர்’ என்றே விளித்தவர் அல்லவா!

அந்த ‘யூ’வில்தான் என் வழக்கு மறுபடி திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் ஆங்கிலத்தில் ஒருமைக்குத் ‘தௌ’ என்று தனிச்சொல் இருந்தது; ‘யூ’ பன்மை. மரியாதைக்காக ஒருவரையே பன்மையில் அழைக்கத் தொடங்கி, நாளடைவில் ‘தௌ’ பொதுப் பேச்சிலிருந்து ஒழிந்துபோனது. அதாவது, நான் எட்டாம் வகுப்பில் அதிபருக்குச் செய்ததையே ஆங்கிலேயர் முழு நாட்டுக்கும் செய்திருக்கிறார்கள்; அவர்களை எண்ணிவர எவரும் அனுப்பவில்லை. ‘எவ்ரிபொடி’க்குப் பின்னால் ‘ஹிஸ்’ வர வேண்டும் என்று சேர் அடித்துச் சொல்லித்தந்தார். ஆனால் ஒருமைக்குத் ‘தே’யை வழங்குவது பதினான்காம் நூற்றாண்டிலேயே எழுத்தில் இருக்கிறது. ஆணென்றோ பெண்ணென்றோ தம்மைச் சொல்லிக்கொள்ளாத ஒருவரைக் குறிக்கும் ‘தே’யை 2019இல் மெரியம் வெப்ஸ்டர் அகராதி ஆண்டின் சொல்லாகத் தெரிந்தெடுத்தபோது, அச்செய்தியை வெட்டி அவருக்குத் தபாலில் அனுப்ப நினைத்தேன். உறையில் முகவரியும் எழுதினேன். அந்த உறை இன்னமும் என் லாச்சியில் கிடக்கிறது.

அவரைக் கடைசியாகக் கண்டது 1984இல். விடைபெறச் சென்றபோது திண்ணையில் இருந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அவரிடம் படித்ததைக் காட்டிக்கொள்ளும் ஆசையில் ஆங்கிலத்திலேயே சொன்னேன்: "வீ ஆர் லீவிங் ஒன் ஃப்ரைடே, சேர்."

கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "நாமோ, நாங்களோ?"

கேட்பவரையும் சேர்த்தால் நாம், சேர்க்காவிட்டால் நாங்கள். ஆங்கில ‘வீ’க்கு அந்த வேறுபாடு தெரியாது. அதையும் அவர்தான் சொல்லித்தந்திருந்தார்.

"நாங்கள், சேர்" என்றேன்.

"வசனம் பிழையில்லை" என்றுவிட்டுச் சிவப்புப் பேனையை மீண்டும் எடுத்தார்.

சென்ற மாதம் சங்கத்தின் அனுதாபச் செய்தியை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஆங்கில வாசகம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது: ‘வீ ஹாவ் லொஸ்ட் அவர் டீச்சர்.’ ஊருக்கு அனுப்புவதற்குத் தமிழாக்கத் தொடங்கியபோது முதற்சொல்லிலேயே நின்றுவிட்டேன். பாடையைச் சுமந்தவர்கள் அங்கிருந்தவர்கள். நோயில் கிடந்தபோது கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தவர்களும் அவர்கள்தான். அவர்களுக்கு எழுதும் கடிதத்தில் ‘நாம் இழந்துவிட்டோம்’ என்று எழுதும் உரிமை எங்களுக்கு உண்டா என்று செயலாளர் கேட்டார். ‘நாங்கள்’ என்று எழுதினால் இழப்பிலிருந்து அவர்களையே வெளியில் நிறுத்தியதாகிவிடும் என்றார் பொருளாளர். இரவு பதினொரு மணிவரை தொலைபேசியில் பேசினோம். கடைசியில் ஆங்கில வாசகத்தையே அனுப்பிவிட்டோம்.