அப்பாவின் சோற்றுக் கோப்பை

அப்பா சுருட்டுக் கொட்டிலில் 30 வருஷம் வேலை செய்தவர். சுற்றியது பாதி, குடித்தது பாதி. இப்போது 71 வயது. கிளினிக் கொப்பியில் சீஓபீடீ என்று எழுதியிருக்கும், அதாவது மூச்சுக்குழாய்கள் நாட்பட்டு அடைபட்டுப்போகிற நுரையீரல் வருத்தம். ஊரில் முட்டு வருத்தம் என்பார்கள்; ஆனால் இது வந்துவிட்டுப் போகிற முட்டு இல்லை. மருந்தை உள்ளிழுக்க இரண்டு பம்ப், அதில் பொருத்துகிற ஸ்பேசர் குழாய் ஒன்று, மாரியில் ஒரு தடவையாவது வார்ட்.

போன மாரியில் வார்டிலிருந்து வந்தபிறகுதான் கவனித்தேன், சாப்பிடும்போது அவருக்குக் கூடுதலாக மூச்சு வாங்குகிறது. நாலு வாய் சாப்பிடுவார். பிறகு கையைக் கோப்பையிலேயே வைத்துக்கொண்டு, உதட்டைக் குவித்து ஊதுவார். புட்டு என்றால் இன்னும் பாடு. உதிரி தொண்டையில் சிக்கி இருமத் தொடங்கினால் அன்றைய சாப்பாடு அவ்வளவுதான்.

கனடாவில் இருக்கிற அண்ணாவிடம் சொன்னேன். "சோத்தைக் குறை, மாப்பொருள்தான் பிரச்சினை" என்றார். காரணமும் சொன்னார். உடம்பு மாப்பொருளை எரிக்க 10 பங்கு ஒட்சிசன் எடுத்தால் 10 பங்கு காபனீரொட்சைட்டு வரும். கொழுப்பை எரித்தால் ஏறக்குறைய 7 பங்குதான். பழுதான நுரையீரலுக்கு வெளியேற்ற வேண்டிய காற்று குறையும். கணக்கு சரிதான். நானும் உடனே இறங்கிவிட்டேன், ஒருவரையும் கேட்காமல்.

காலை முட்டை, மத்தியானம் மீனும் முருங்கையிலை வறையும், இரவு தேங்காய்ப்பால் தடிப்பாக விட்ட கறி. சோறு ஒரு அகப்பை. முதல் நாளே அப்பா கோப்பையைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, சோறு எங்கை?" என்று கேட்டார். நான் சிரித்துச் சமாளித்தேன்.

மத்தியான மூச்சு கொஞ்சம் இலகுவானது உண்மை. ஆனால் இரவில் வயிறு பொருமி, படுக்க முடியாமல் எழும்பி உட்கார்ந்திருந்தார். கொழுப்புச் சாப்பாடு வயிற்றை விட்டு இறங்க நேரமெடுக்கும். நிறைந்த வயிறு, நுரையீரலுக்குக் கீழே இருக்கிற மூச்சுத் தசையான பிரிமென்தகட்டை மேலே தள்ளும். அதை நான் யோசிக்கவே இல்லை. ஆறாவது கிழமை கிளினிக்கில் நிறுத்தபோது, 54 கிலோவாக இருந்த நிறை 50 ஆகியிருந்தது.

டொக்டர் பழைய இரத்த வாயுப் பரிசோதனைத் தாளை எடுத்துக் காட்டினார். அப்பாவின் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு தேங்கவில்லை. தேங்குகிறவர்களுக்குக்கூட, எதைச் சாப்பிடுகிறார்கள் என்பதைவிட ஒரேயடியாக அளவுக்கு மிஞ்சிச் சாப்பிடுவதுதான் கூடுதலாகப் பாதிக்கும் என்றார். மெலிந்தால் மூச்சு விடும் தசையும் சேர்ந்தே கரையும். கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னார். எனக்கு அது தேவையாகவும் இருந்தது. இன்னொன்றும் சொன்னார்: சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுகிறவர்கள் கேட்காமல் சோற்றை வெட்டினால், சீனி இறங்கி மயங்கி விழலாம். அப்பாவுக்கு அந்த வருத்தம் இல்லாதபடியால் தப்பினோம்.

இப்போது சோறு திரும்பி வந்துவிட்டது, மூன்று நேரத்துக்குப் பதில் ஆறு நேரமாகப் பிரித்து. சின்னக் கோப்பை. ஒவ்வொரு நேரத்திலும் முட்டையோ மீனோ பருப்போ ஏதாவது ஒன்று கட்டாயம். சாப்பாட்டுக்கு முன் அரை மணித்தியாலம் சாய்ந்திருப்பார், சளியையும் துப்பிவிடுவார். புட்டுக்குப் பதில் சொதி நிறைய விட்ட இடியப்பம். சீனி போட்ட பிளேன்ரீயை மட்டும் குறைத்தேன், அதற்கு அவர் இன்னும் என்னை மன்னிக்கவில்லை. நிறை 52க்கு ஏறியிருக்கிறது.

போன ஞாயிறு ஒடியல் கூழ் காய்ச்சினோம். நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்டு. அண்ணாவின் கணக்குப்படி மாப்பொருள்தான். அப்பா பனையோலைப் பிளாவைக் கோலிப் பிடித்து இரண்டு தடவை வாங்கிக் குடித்தார், இடையில் ஊதவில்லை. மூன்றாவதுக்கு நீட்டினார். "ரெண்டு மணித்தியாலம் கழிச்சுத் தாறன்" என்றேன்.