தொழில் நடத்தும், வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஒரு வாசிப்புப் பட்டியல் (சேலத்திலிருந்து)

தொழில் தொடங்கப்போகும் பெண் என்ன படிக்கலாம் என்று கேட்டால், பெரும்பாலும் நான்கு வெற்றிக்கதைகளைக் கையில் திணித்து அனுப்பிவிடுகிறார்கள். அவற்றின் மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. ஈரோடு போகும் ரயிலில் படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஜெயித்தவர் மட்டும் எழுதுகிறார். அதே வழியில் போய்க் கடையை மூடியவர் எழுதுவதில்லை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவரையும், அம்மாப்பேட்டையில் தறி ஓட்டுபவரையும், ஏற்காட்டில் காபித்தூள் விற்பவரையும் தெருவில் நிறுத்துவது பெரும்பாலும் படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒரு தாள்தான். அதனால் இந்தப் பட்டியலில் புத்தகம் குறைவு, தாள் அதிகம்.

புத்தகம் என்று வாங்குவதானால் தமிழ்நாடு அரசின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் பாடநூல்களை வாங்குங்கள். தமிழ் வழியில் இருக்கிறது, மின்நூலாக இலவசமாகவே கிடைக்கிறது. முழுதும் வேண்டாம். பதினொன்றில் ரொக்க ஏடு, வங்கிச் சரிகட்டும் பட்டியல், முதலின வருவாயின நடவடிக்கைகள், இறுதிக் கணக்குகள் ஆகிய பகுதிகள் போதும். பன்னிரண்டில் முதல் பாடமான முழுமை பெறா பதிவேடுகள். ஆண்டு முழுக்க ஒழுங்காகக் கணக்கு எழுதாதவர் லாபம் கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் அந்தப் பாடம். நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு அதுதானே நிலைமை.

அதிலுள்ள சூத்திரம் சின்னது. ஆண்டு இறுதி முதலோடு வீட்டுச் செலவுக்கு எடுத்ததைக் கூட்டி, நடுவில் புதிதாகப் போட்ட பணத்தையும் ஆண்டுத் தொடக்க முதலையும் கழிக்க வேண்டும். ஏப்ரலில் சரக்கு, ரொக்கம், வரவேண்டிய பாக்கி எல்லாம் சேர்த்துக் கடன் போக உங்கள் முதல் 2,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மார்ச்சில் 2,60,000. மாதம் பத்தாயிரம் வீட்டுக்கு எடுத்தது 1,20,000. நகையை அடகு வைத்துப் போட்டது 50,000. லாபம் 1,30,000. முதல் கூடியதை மட்டும் பார்ப்பவர் அறுபதாயிரம்தான் லாபம் என்று சொல்வார். "வருசமெல்லாம் உழைச்சும் கையில ஒண்ணும் நிக்கல" என்ற புலம்பலுக்குப் பின்னால் பலமுறை இந்தக் கணக்குப் பிழைதான் இருக்கும். நேர்மாறாகவும் நடக்கும். அடகுப் பணத்தை லாபம் என்று நம்பி, அடுத்த சரக்கைக் கூடுதலாக எடுத்து மாட்டிக்கொள்பவர்களும் உண்டு.

முதலின, வருவாயின வேறுபாட்டையும் லேசாக விடாதீர்கள். பல ஆண்டு பயன்படும் பொருளுக்குச் செய்வது முதலினச் செலவு, அன்றாட ஓட்டத்துக்குச் செய்வது வருவாயினச் செலவு. காபி வறுக்கும் இயந்திரம் வாங்கிய மாதத்தில் அதன் முழு விலையையும் செலவில் எழுதினால் அந்த மாதம் பெரும் நஷ்டமாகத் தெரியும். அதற்கு அடுத்த மாதங்கள் எல்லாம் பொய்யாக லாபம் காட்டும். விலை நிர்ணயமே கெட்டுவிடும்.

விலை என்றதும் காபியையே எடுத்துக்கொள்வோம். பச்சைக் கொட்டை வறுபடும்போது எடை 15 முதல் 20 சதவீதம் குறையும். கருக வறுத்தால் இன்னும் குறையும். கிலோ 500 ரூபாய் விலையில் 10 கிலோ வாங்கினால் 5,000. வறுத்த பிறகு 8.4 கிலோ கிடைத்தால், ஒரு கிலோவின் அடக்கம் அப்போதே 595 ரூபாய் ஆகிவிட்டது. 900 ரூபாய்க்கு விலை போட்டு, அஸ்தம்பட்டிக் கடைக்காரருக்கு 20 சதவீதம் கமிஷன் விட்டால் கைக்கு வருவது 720. ஐந்நூறை மனதில் வைத்திருப்பவர் 220 மிச்சம் என்பார். உண்மையில் மிச்சம் 125. அதிலும் கேஸ், அரவை, பாக்கெட், பஸ் லக்கேஜ், உங்கள் கூலி எல்லாம் போக வேண்டும். உங்கள் கூலியை எழுத மறக்காதீர்கள். வீட்டுப் பெண் செய்யும் வேலைக்குக் கணக்கில் சம்பளம் எழுதாத தொழில், ஆள் வைத்த அன்றைக்கே நஷ்டத்துக்குப் போகும். சிக்கரி கலந்தால் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டும் எத்தனை சதவீதம் என்று லேபிளில் போட வேண்டும். தட்டுவடையோ மசாலாப் பொடியோ போடுபவர்களும் லேபிளைப் படிக்கப் பழகுங்கள். சேர்மானங்கள் எடை அதிகமுள்ளதில் தொடங்கி இறங்குவரிசையில் வர வேண்டும். நிகர எடை, தயாரித்த தேதி, அதிகபட்ச விலை, பச்சைப் புள்ளி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண், புகாருக்கான தொலைபேசி எண் எல்லாம் வேண்டும். அச்சகத்துக்குக் கொடுப்பதற்கு முன்பே சரிபார்த்தால் ஐயாயிரம் கவர் வீணாகாது.

அடுத்து வங்கிக் கடன். இதில் படிக்க வேண்டியது அனுமதிக் கடிதமும் முக்கிய விவர அறிக்கையும். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடனுக்கும் சிறுதொழில் தவணைக் கடனுக்கும் இந்த அறிக்கையைத் தந்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதில் ஆண்டுச் சதவீத விகிதம் என்று ஓர் எண் இருக்கும். வட்டி, செயலாக்கக் கட்டணம், காப்பீடு எல்லாவற்றையும் சேர்த்த உண்மையான விலை அதுதான். கடன் கொடுப்பவர் வாயால் சொல்லும் வட்டியை விட்டுவிட்டு இந்த எண்ணைப் பாருங்கள்.

ஏன் என்றால், பிளாட் வட்டி. ஒரு லட்சம், 12 சதவீதம், 12 மாதம். பிளாட் முறையில் வட்டி 12,000. மாதத் தவணை 9,333. குறையும் நிலுவை முறையில் அதே 12 சதவீதத்துக்குத் தவணை 8,885. மொத்த வட்டி சுமார் 6,600. அசலை மாதாமாதம் திருப்பிக்கொண்டே இருந்தாலும் முழு லட்சத்துக்கும் வட்டி கட்டுவதால் பிளாட் 12 என்பது உண்மையில் ஏறக்குறைய 21.5 சதவீதம்.

அதே தாள்களில் இன்னும் மூன்று இடங்களில் பென்சிலால் கோடு போடுங்கள். ஒன்று, அடமானம். குறு, சிறு தொழில்களுக்குக் குறைந்தது பத்து லட்சம் வரை வங்கி அடமானம் கேட்கக் கூடாது. சிறுதொழிலுக்கான அரசுத் திட்டமான முத்ரா கடனும் அப்படித்தான்: சிசு 50,000 வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை. இரண்டு, தாமதக் கட்டணம். 2024 ஏப்ரலிலிருந்து அபராதத்தை வட்டியோடு சேர்த்து, அதற்கும் வட்டி போடக் கூடாது. மூன்று, முன்கூட்டிக் கட்டினால் கட்டணம் உண்டா என்பது. 2026 ஜனவரி 1 முதல் வணிக வங்கிகள் குறு, சிறு தொழில்களுக்கு மாறும் வட்டியில் கொடுக்கும் கடன்களுக்கு அந்தக் கட்டணம் கிடையாது. பழைய கடனுக்குத் தாளில் உள்ளதுதான்.

குழுவாகச் சேர்ந்து நுண்கடன் வாங்கும் பெண்களுக்கு 2022இன் ரிசர்வ் வங்கி விதிகள் தனி. குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை இருந்தால் அது நுண்கடன், அடமானம் கூடாது, எல்லாக் கடன்களுக்கும் சேர்த்துத் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, முன்கூட்டிக் கட்டினால் அபராதம் இல்லை, உங்களுக்குப் புரியும் மொழியில் கடன் அட்டை தர வேண்டும். அந்த அட்டை வீட்டில் இருக்கட்டும். வசூலுக்கு வருபவரிடம் விட்டுவைப்பது நல்லதல்ல.

ஜாமீன் கையெழுத்தும் இந்த வகைதான். "சும்மா ஒரு கையெழுத்து, ஃபார்மாலிட்டி" என்று கணவரோ மச்சினரோ சொல்லும் தாள் அது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவின்படி கடனாளிக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு. முதலில் அவரிடம் கேள், பிறகு என்னிடம் வா என்று சொல்ல முடியாது. எந்தக் கடனுக்கு, எவ்வளவு தொகைக்கு, புதுப்பித்தால் தொடருமா என்ற மூன்றையும் படித்துவிட்டுத் தீர்மானியுங்கள்.

இதற்கு அண்ணன் முறை, பேருக்கு ஓனர் என்கிற ஏற்பாடு. மானியத்துக்காகவோ வட்டிச் சலுகைக்காகவோ பெண் பெயரில் தனியுரிமை நிறுவனம் தொடங்குவார்கள். கடையை நடத்துவது வேறொருவர். சட்டத்தின் கண்ணில் தனியுரிமையாளரும் நிறுவனமும் ஒன்று. வரிப் பாக்கியோ வங்கிப் பாக்கியோ வந்தால் உங்கள் பெயரிலுள்ள நகை, வீடு, சேமிப்பு எல்லாம் கணக்கில் வரும். ஆகவே ஜிஎஸ்டி கணக்கிலும் வங்கியிலும் பதிவான செல்போன் எண் உங்களுடையதா என்று இன்றே பாருங்கள். ஓடிபி யார் கைக்குப் போகிறதோ அவர்தான் உண்மையான முதலாளி. மாதம் ஒருமுறை போர்ட்டலுக்குள் நுழைந்து ரிட்டர்ன் போயிருக்கிறதா என்று பாருங்கள். விற்பனையே இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் உண்டு. தவறினால் நாளுக்கு 20 ரூபாய், விற்பனை இருந்தால் 50. பதிவு எப்போது கட்டாயம் என்பதிலும் குழப்பம் நிறைய. பொருள் விற்பனைக்கு ஆண்டுக்கு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் என்பது பொது வரம்பு. ஆனால் ஓசூரைத் தாண்டி பெங்களூருக்குச் சரக்கு அனுப்பினால், சில கைவினைப் பொருள்கள் நீங்கலாக, முதல் பில்லுக்கே பதிவு வேண்டும்.

விற்றாயிற்று, பணம் வரவில்லை. இங்கே படிக்க வேண்டியது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம், அதிலும் ஐந்தாம் அத்தியாயம் மட்டும். சில பக்கங்கள்தான், ஒரு மதிய நேரத்தில் முடிந்துவிடும். சரக்கையோ சேவையையோ ஏற்றுக்கொண்டவர் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். சரக்கில் குறை இருந்தால் அதையும் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'வங்கி விகிதம்' என்ற வட்டியைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டியாகத் தர வேண்டும். துணியோ கொலுசோ செய்து கொடுப்பவருக்கு இது பெரிய ஆயுதம். வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

இதற்கு உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு, வேண்டும். ஆதார், பான் இருந்தால் அரசுத் தளத்தில் இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் வெளியே வந்துவிடுங்கள். பதிவை முதல் பில்லுக்கு முன்பே முடியுங்கள். பின்னால் போட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் பிடிக்கும் முதல் ஓட்டை அதுதான். "கேஸ் போட்டா அடுத்த ஆர்டர் வராதே" என்ற பயம் நியாயமானது. அதனால்தான் சண்டை வந்த பிறகு சட்டத்தைக் காட்டாமல், முதல் பில்லிலேயே உத்யம் எண்ணையும் "45 நாளுக்குள் பணம் செலுத்தவும்" என்ற வரியையும் அச்சடித்துவிட வேண்டும். யாரும் அதைத் தனிப்பட்ட முறையில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வெள்ளி வாங்கிக் கொலுசு செய்து தருபவர்கள் ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் தேதி, கொடுத்த எடை, டச் (வெள்ளியின் தூய்மை), திரும்பிய எடை, சேதாரம், கூலி ஆகியவற்றை எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்குங்கள். கிராம் கணக்கில் தகராறு வந்தால் வாய்ப்பேச்சு செல்லாது.

வேலைக்குப் போகிறவர்களுக்கு நியமனக் கடிதம். உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு (சிடிசி) என்று பெரிதாகப் போட்டிருக்கும் தொகையில் நிறுவனம் கட்டும் வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் அடங்கியிருக்கும். மாதம் கைக்கு எவ்வளவு என்று தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நோட்டீஸ் காலம் இரண்டு பக்கத்துக்கும் சமமா, பயிற்சிச் செலவு என்ற பெயரில், இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற பாண்ட் இருக்கிறதா, அசல் சான்றிதழ்களைக் கேட்கிறார்களா என்றும் பாருங்கள். நகலைக் கொடுக்கலாம், அசலைக் கொடுக்காதீர்கள். மகப்பேறு விடுப்பு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். பிரசவம் எதிர்பார்க்கும் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். "ஒரு வருஷம் முடியல" என்று சொன்னால் அந்த 80ஐக் காட்டுங்கள்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013. முப்பதே பிரிவுகள். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம். தலைவர் பெண், உறுப்பினரில் பாதியாவது பெண்கள், வெளியாள் ஒருவர். புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும், விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். பத்துப் பேருக்குக் குறைந்த கடையோ பட்டறையோ என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். கலெக்டர் அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். வீட்டு வேலை செய்பவருக்கும் இந்தக் குழு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. நீங்களே முதலாளியாகி ஆள் எண்ணிக்கை பத்தைத் தொட்டால், குழு அமைக்கும் பொறுப்பும் உங்களுடையது. அமைக்காவிட்டால் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம்.

ஜவுளிக் கடைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு இன்னொன்று. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். வேலை நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்கிறது அது. ஒரே பத்தி. நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம். புதிதாகக் கடை திறப்பவர்கள் கவுன்டர் அளவைத் தச்சரிடம் சொல்வதற்கு முன்பே அதைப் படித்துவிட்டால், ஸ்டூல் போட இடம் விட்டு அடிக்கச் சொல்லலாம்.