காமராசரின் சமதர்மத்தைத் தேடி மூன்று முறை சென்னைக்கு

போன கல்வி வளர்ச்சி நாள் விழாவில் எங்கள் பள்ளி மாணவி ஒருத்தி காமராசரைப் பற்றி நன்றாகப் பேசினாள். அரசியல் சட்ட முகவுரையில் 'சோஷலிச' என்ற சொல் வந்ததைப் பாராட்டி அவர் சொன்னதாக வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வாசகத்தையும் சேர்த்துப் படித்தாள். கைதட்டல் பலமாக விழுந்தது. முகவுரைக்குள் அந்தச் சொல் வந்தது 1976-இல், 42-ஆவது திருத்தத்தில். காமராசர் காலமானது 1975 அக்டோபர் 2. சமூக அறிவியல் ஆசிரியரான நான்தான் அந்தப் பேச்சைப் பார்த்துக் கொடுத்திருந்தேன். மறுநாள் அவளைக் கூப்பிட்டுத் தவறைச் சொன்னபோது, "அப்போ அவர் நெஜமா என்ன சார் சொன்னாரு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஆவடியும் புவனேஸ்வரும் யாருக்கும் தெரிந்தவைதான். 1955 ஜனவரியில் ஆவடி காங்கிரஸ் மாநாட்டில் சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானம் வந்தது. அப்போது இங்கே முதலமைச்சர் அவர். 1964 ஜனவரியில் புவனேஸ்வரில் ஜனநாயக சோஷலிசத் தீர்மானம்; அப்போது கட்சித் தலைவர் அவர். இரண்டுக்கும் நடுவே, அதிகாரத்தில் இருந்தபோது அவர் என்ன நினைத்தார் என்பது சட்டமன்றக் குறிப்புகளில் இருக்கும் என்று நம்பிக் கிளம்பினேன்.

எங்கள் ஊர் காவேரிப்பட்டணம். கிருஷ்ணகிரி போய் இரவு பஸ் பிடித்து விடியற்காலை சென்னையில் இறங்கினேன். பழைய ஆவணங்கள் வைத்திருக்கும் ஓர் அலுவலகத்தில் பத்து மணிக்கு நின்றேன். பள்ளி அடையாள அட்டையும் ஆதாரும் கையில் இருந்தன. கவுண்டரில் இருந்தவர் தலை நிமிரவே இல்லை. "நிறுவனத்து லெட்டர் இல்லாம முடியாது சார்." தலைமை ஆசிரியரிடம் போனில் பேசி, லெட்டர்பேடில் எழுதிய கடிதத்தை அப்போதே வாட்ஸ்அப்பில் வரவழைத்தேன். எந்தப் பொருள், எந்த வருடத்து ஆவணம் என்று அதில் இல்லையாம். அசல் கடிதமும் வேண்டுமாம். ஒரு சி.எல். போனது, போக வரச் செலவும் போனது, ஒரு பக்கம்கூடக் கண்ணில் படவில்லை. நீங்கள் போவதாக இருந்தால் கடிதத்தில் தலைப்பு, எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, எதற்காக, மூன்றையும் எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் போட்டு அசலை எடுத்துப் போங்கள். இரண்டு போட்டோவும் இருக்கட்டும்.

இரண்டாம் முறை கடிதம் செல்லுபடியானது. ஆனால் எங்கள் பகுதிச் செய்தியில் இருந்து தொடங்கலாம் என்று அட்டவணையில் கிருஷ்ணகிரியைத் தேடினேன், இல்லை. தருமபுரியைத் தேடினேன், நான் கேட்ட வருடங்களுக்கு அதுவும் இல்லை. கேட்டால், "இருந்தா இருக்கும் சார்" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. பக்கத்து மேசையில் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர்தான், "தம்பி, அப்ப அதெல்லாம் சேலம் ஜில்லாப்பா" என்றார். எனக்குத் தெரியாத விஷயமில்லை. தருமபுரி பிரிந்தது 1965-இல், கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-இல் என்று வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன். தேடும்போதுதான் நினைவுக்கு வரவில்லை. அதேபோல 1969-க்கு முன்னால் 'தமிழ்நாடு' என்று தேடினால் கிடைக்காது, 'மெட்ராஸ்' என்று தேட வேண்டும். அரசிதழுக்கும் அன்றைக்குப் புனித ஜார்ஜ் கோட்டை என்றுதான் பெயர். இதெல்லாம் பிடிபட்டு சீட்டு எழுதிக் கொடுத்தபோது மணி மூன்று. கேட்ட தொகுதி பைண்டிங்குக்குப் போயிருந்தது.

அப்புறம் வீட்டில் உட்கார்ந்து இணையத்தில் கிடைத்த ஸ்கேன் பிரதிகளில் தேடினேன். 'சோஷலிசம்' என்று போட்டால் ஒன்றுமே வரவில்லை. அந்த அச்செல்லாம் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது. துதிக்கை தூக்கிய லை, னை, பழைய றா, ணா எல்லாம் கம்ப்யூட்டருக்குப் புரிவதில்லை. சொல்லும் ஒன்றாக இல்லை. சோஷலிஸம், சோசலிசம், சமதர்மம் என்று ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். தேடுபொறியில் கிடைக்கவில்லை என்றால் அவர் பேசவே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நான் ஒரு வாரம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் முறை சொல்லைத் தேடுவதை விட்டுவிட்டு மசோதாவைத் தேடினேன். அங்கேதான் வழி திறந்தது. ஒரு குடும்பம் இவ்வளவு நிலம்தான் வைத்திருக்கலாம் என்று வரம்பு கட்டிய நில உச்சவரம்புச் சட்டம், 1961-இன் 58-ஆவது சட்டம். இதற்கு ஒரே ஒரு வருடத் தொகுதியை மட்டும் கேட்டால் ஏமாந்துபோவீர்கள். மசோதா வந்தது 1960-இல், சட்ட எண் 1961-இல், குடியரசுத் தலைவர் ஒப்புதல் 1962-இல். மூன்று வருடமும் பார்க்க வேண்டும். முதலமைச்சர் பெயரை மட்டும் பார்த்துப் பக்கம் புரட்டினாலும் ஏமாற்றம்தான். நிலத்தைப் பற்றியது வருவாய் அமைச்சர் மாணிக்கவேலு நாயக்கர் பக்கத்தில் இருக்கும், நிதி சி. சுப்பிரமணியம் பக்கத்தில் இருக்கும். காகிதம் தொட்டால் உதிர்கிறது, ஜெராக்ஸ் தர மாட்டார்கள். பென்சிலும் நோட்டும் எடுத்துப் போனதால் பிழைத்தேன்.

ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் (நிலத்தின் தரத்தைப் பார்த்துக் கணக்கிடும் அளவு) உச்சவரம்பு. அதற்கு மேல் ஆளுக்கு 5 கூடும். எங்கள் பக்கத்து மானாவாரி மண்ணில் ஒரு ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றால் பல ஏக்கர். தோட்டப்பயிர் நிலங்களுக்கு விலக்கு வேறு. எனக்கு இது போதாத சட்டமாகத்தான் பட்டது. 1970-இல் வரம்பை 15 ஆகக் குறைக்க வேண்டியிருந்ததே அதற்குச் சாட்சி. ஆனாலும் பிடுங்கிக்கொள்ளாமல், அவையில் விவாதித்து, இழப்பீடும் எழுதி வைத்துச் செய்திருக்கிறார்கள். ஜனநாயகம் என்ற சொல்லுக்கு அந்த சோஷலிசத்தில் என்ன வேலை என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது. இத்தனைக்கும் எதிர்த்தவர் எங்கள் மாவட்டத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி. 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி இந்தப் போக்கையே எதிர்த்தார்.

1964-க்கான சட்டமன்றக் குறிப்புகளில் காமராசர் பேச்சைத் தேடி அரை நாள் வீணாக்கினேன். 1963 அக்டோபரிலேயே அவர் முதலமைச்சர் பதவியை விட்டுவிட்டார். 1964-இன் கதை வேறு இடத்தில் இருந்தது. ஜனவரியில் புவனேஸ்வர் தீர்மானம். மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதே நிலச்சட்டத்தைச் செல்லாது என்றது. ஜூனில் அரசியல் சட்டத்தின் 17-ஆவது திருத்தம், அடிப்படை உரிமையைக் காட்டி நீதிமன்றம் செல்லாது என்று சொல்ல முடியாதபடி, அதை ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்துக் காப்பாற்றியது. கட்சித் தீர்மானம், தீர்ப்பு, திருத்தம் என மூன்றும் மூன்று பதிவுகள். ஒன்றை மட்டும் பார்த்திருந்தால் எனக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அந்த மூன்று தேதிகளும் நோட்டில் ஒரே வரிசையில் வந்து உட்கார்ந்தபோது எழுந்து வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். கை நடுங்கியது.

வீட்டுக்கு வந்து எட்டுப் பக்கக் குறிப்பாக எழுதி அந்த மாணவியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "இந்தத் தீர்ப்பை நான் எங்க சார் பாக்கலாம்?" என்று கேட்டாள். அது சுலபம், வீட்டிலிருந்தே படித்துவிடலாம். இந்த வருட விழாவுக்கு அவளே எழுதப் போகிறாள்.