வர்க்கி, அவரை, அண்ணனின் வயிறு: குன்னூர் நாட்குறிப்பு

ஜூன் 2, ஞாயிறு

அண்ணனின் வயிறு மறுபடியும் வீட்டில் பேச்சாகிவிட்டது. தேயிலை ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் வருவார். சர்க்கரை தூக்கலான டீ, கூடவே வர்க்கி, உடனே தூக்கம். எழுந்தால் வெள்ளைச் சோறு, ரசம், அப்பளம். மலச்சிக்கலும் உப்புசமும் போகவே மாட்டேன் என்கின்றன. டாக்டர் பரிசோதனை எல்லாம் செய்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, சாப்பாட்டை மாற்றுங்கள் என்று அனுப்பிவிட்டார். எதை, எப்படி மாற்றுவது என்று சொல்ல அவருக்கு நேரமில்லை.

"வர்க்கியை விடச் சொல்றியா?" என்று கேட்டார் அண்ணன்.

அடியோடு விட வேண்டாம். ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது; எனக்கும் அதில் பெருமைதான். ஆனால் மைதாவும் சர்க்கரையும் பெரும்பாலும் சிறுகுடலிலேயே செரித்து ரத்தத்தில் கலந்துவிடுகின்றன. பெருங்குடல் வரை போய்ச் சேர அதிகம் மிஞ்சுவதில்லை. அங்கே சாப்பாட்டுக்குக் காத்திருப்பவர்கள் வேறு இருக்கிறார்கள்.

ஜூன் 5

அவர்களைப் பற்றி அண்ணியிடம் இன்று விரிவாகச் சொன்னேன். நம் உடம்பில் ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016-இல் கணக்கிட்டார்கள். மனித செல்களின் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன.

நார்ச்சத்தைச் செரிக்கும் நொதிகள் நமக்கு இல்லை, அவற்றுக்கு உண்டு. நாரை நொதிக்க வைத்து அவை தரும் கொழுப்பு அமிலங்களில் பியூட்டிரேட் முக்கியமானது. பெருங்குடலின் உள்சுவர் செல்களுக்கு அதுதான் முதன்மையான எரிபொருள். நார் வராமல் போனால் என்ன ஆகும்? எலிகளில் செய்து பார்த்தார்கள். சில பாக்டீரியாக்கள் குடல் சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கின; படலம் மெலிந்துபோனது. அண்ணி இதைக் கேட்டதும் ராகி டப்பாவை எடுத்து முன்வரிசையில் வைத்துவிட்டார்.

நல்லதுதான். 100 கிராம் ராகியில் சுமார் 11 கிராம் நார்ச்சத்து. தீட்டிய அரிசியிலும் மைதாவிலும் 3 கிராம்கூட இல்லை. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஜூன் 9, ஞாயிறு

மழை கொஞ்சம் விட்டது. சிம்ஸ் பார்க் பக்கம் நடந்து, பாஸ்டர் இன்ஸ்டிடியூட் வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தேன். 1907-இல் தொடங்கிய நிறுவனம். வெறிநாய்க்கடி மருந்துக்குப் பேர் போனது என்றுதான் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர், உணவு கெட்டால் குடல் என்ன ஆகிறது என்று ஆராய்ந்ததும் இதே குன்னூரில்தான். சத்துக் குறைந்த உணவு கொடுத்த குரங்குகளின் குடல் சுவர் மெலிந்தது, பெருங்குடலில் அழற்சி வந்தது. 1921-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் இதைப் பற்றியே உரையாற்றினார். குறை உணவும் வயிற்றுக் கோளாறும்தான் பொருள்.

அவர் அதை வைட்டமின் குறைவின் வழியாக விளக்கினார். குடல் நுண்ணுயிர்களைப் பற்றி இன்று நமக்குத் தெரிவது அன்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் வயிற்று நோய்க்காரரிடம் முதலில் தட்டைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்பது நூறு வருஷத்துக்கு முன்பே இந்த ஊரிலிருந்து போன செய்தி. அவர் இங்கே வளர்த்த உணவு ஆய்வுக்கூடம் 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறியது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான். குன்னூர்ப் பள்ளிக்கூடங்களில் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஜூன் 11

அண்ணனுக்கு வயிறு உப்பிவிட்டது. பக்கத்து வீட்டுப் படுகப் பாட்டி கொடுத்த அவரையை ஒரு கை பார்த்திருக்கிறார். நார் பழகாத குடலுக்குத் திடீரென்று இவ்வளவு போனால் வாயு சேரத்தான் செய்யும். இன்று கொஞ்சம், சில நாள் கழித்து இன்னும் கொஞ்சம் என்று கூட்ட வேண்டும், தண்ணீரும் கூடவே. பருப்பு, பயறை ராத்திரி ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் வாயு உண்டாக்கும் சர்க்கரைகள் ஓரளவு குறையும். இந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பயறு சரியாக வேகாது. குக்கரில் கூடுதலாக ஒரு விசில் விடச் சொன்னேன்.

ஜூன் 15

இந்தக் குளிரில் இட்லி மாவு பொங்க மாட்டேன் என்கிறது. கம்பளியில் சுற்றி அடுப்போரம் வைத்தோம்.

இட்லியை ஆவியில் வேகவைக்கும்போது அதிலுள்ள பாக்டீரியாக்கள் செத்துவிடும். எளிதாகச் செரிக்கும் நல்ல உணவுதான், ஆனால் உயிருள்ள பாக்டீரியா வேண்டுமென்றால் தயிர், மோர், பழைய சோறு. 2021-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், நொதித்த உணவை நிறையச் சாப்பிட்டவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் கூடின, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் புரதங்கள் குறைந்தன. பங்கேற்றவர்கள் 36 பேர்தான், அதனால் அளவோடு நம்புகிறேன். நல்ல பாக்டீரியா அடங்கியது என்று விற்கும், விலை அதிகமான புரோபயாடிக் பாட்டிலை வாங்கட்டுமா என்று அண்ணி கேட்டார். வேண்டாம் அண்ணி, அந்தக் காசுக்குக் கீரையும் கொய்யாவும் வாங்குங்கள் என்றேன்.

ஜூன் 19

எல்லா வயிறும் ஒன்றில்லை. அத்தைக்குப் பூண்டு ஒத்துக்கொள்வதில்லை. பூண்டிலுள்ள ஃபிரக்டான் என்ற நாரை நம்மால் செரிக்க முடியாது, பாக்டீரியாவுக்கோ விருந்து. ஆனால் கூருணர்வுள்ள குடலில் அதுவே வலியாகிவிடுகிறது. ஃபிரக்டான் எண்ணெயில் கரையாது. எனவே பூண்டுப் பல்லை முழுசாக எண்ணெயில் வதக்கி, பல்லை எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளிக்கச் சொன்னேன். வாசனை கிடைக்கும், வலி இருக்காது.

இன்னொன்றையும் அத்தையிடம் அழுத்திச் சொன்னேன். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரி வலியால் விழிப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் கைவைத்தியம் கூடாது. மருத்துவரிடம் போயே ஆக வேண்டும்.

ஜூன் 23, ஞாயிறு

அண்ணன் முன்பைவிடத் தெளிவாக இருக்கிறார். காலைக்கடன் சிரமமில்லை என்கிறார். இவ்வளவு சீக்கிரமா என்றார் அண்ணி. ஆமாம். 2015-இல் வந்த ஓர் ஆய்வில் அமெரிக்கக் கறுப்பினத்தவருக்கும் தென்னாப்பிரிக்கக் கிராமத்தவருக்கும் இரண்டே வாரம் உணவை மாற்றிக் கொடுத்தார்கள். நார் கூடிய அமெரிக்கர்களின் குடலில் பியூட்டிரேட் கூடி அழற்சி குறைந்தது. கிராமத்தவருக்கு நேர்மாறாக ஆனது. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் குடலும் திரும்பிவிடும் என்பதால்தான் எனக்குக் கவலை.

மிச்சமிருப்பது தூக்கம். நுண்ணுயிர்களுக்கும் பகல், இரவு என்ற ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கு குலைந்த எலிகளுக்குக் குறித்த நேரத்தில் மட்டும் உணவு கொடுத்தபோது அது திரும்பியது. ஷிஃப்டை நாம் மாற்ற முடியாது, சாப்பிடும் நேரத்தையாவது நிலையாக வைக்கலாம்.

அடுத்த வாரம் அவருக்குப் பகல் ஷிஃப்ட், மதியச் சாப்பாடு டப்பாவில் போகும். சாமைச் சோறு ஆறினால் கட்டியாகிவிடும் என்றார் அண்ணி. மோர் ஊற்றிப் பிசைந்து, தனியாக அவரைப் பொரியல் வைத்துக் கொடுப்பதாக முடிவாயிற்று. வர்க்கி ஞாயிற்றுக்கிழமைக்கு.