கெபாசிட்டர் கணக்கா? பேட்டரிய கழட்டியாச்சானு முதல்ல பாருங்க

நீட்டுக்கு ரிப்பீட் பண்ண வருஷம் பிசிக்ஸ்ல என்னைய ரொம்ப படுத்துனது கெபாசிட்டருக்குள்ள (ரெண்டு உலோகத் தகடு, நடுவுல இடைவெளி, தகடுகள்ல சார்ஜ் சேரும்) ஸ்லாப், அதாவது மின்சாரம் கடத்தாத மின்காப்புப் பலகை, சொருகுற கணக்குதான். மின்காப்பு வெச்சா மின்தேக்குத்திறன் (ஒரு வோல்ட்டுக்கு எவ்ளோ சார்ஜ் பிடிக்கும்ங்கிறது) கே மடங்கு ஆகும், கேங்கிறது அந்தப் பொருளுக்குனு இருக்கிற ஒரு எண், இதைத் தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன், ஆனா ஒரு மாக் டெஸ்ட்ல இதுல மூணு கேள்வி வந்து மூணும் தப்பு, வரவேண்டிய 12 மார்க்கும் போச்சு, மைனஸ் 3 வேற.

பேட்டரிய கழட்டிட்டாங்களானு கேள்வியில ஒரு வார்த்தைதான் இருக்கும், நான் அதைத் தாண்டிப் போயிடுவேன். கழட்டிட்டா சார்ஜ் மாறாது, கழட்டலைனா வோல்ட்டேஜ் மாறாது, அவ்ளோதான். 4 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், 100 வோல்ட் பேட்டரி, கே 5னு வெச்சுக்கோங்க. முதல்ல ஆற்றல் 0.02 ஜூல். கழட்டிட்டு சொருகுனா வோல்ட்டேஜ் 20க்கு இறங்கும், ஆற்றல் 0.004. கழட்டாம சொருகுனா சார்ஜ் 400 மைக்ரோகூலும்ல இருந்து 2000 ஆகும், ஆற்றல் 0.1. அதே ஸ்லாப், ஒண்ணுல குறையுது இன்னொண்ணுல ஏறுது! முதல் கேஸ்ல குறைஞ்ச 0.016 எங்க போச்சுனு ரெண்டு நாள் மண்டைய உடைச்சேன், ஸ்லாப்ப கெபாசிட்டரே உள்ள இழுக்கும், அந்த வேலைக்குத்தான் போச்சு.

ஏன் இப்படினா, மின்காப்புல எலக்ட்ரான் ஓடாது, ஆனா மூலக்கூறு ஒவ்வொண்ணும் பிளஸ் ஒரு பக்கம் மைனஸ் ஒரு பக்கம்னு லேசா இழுபட்டு நிக்கும், அது உள்ள இருக்கிற மின்புலத்தைக் குறைக்கும், புலம் குறைஞ்சா வோல்ட்டேஜும் குறையும், அப்போ அதே வோல்ட்டேஜுக்கு இன்னும் சார்ஜ் ஏத்தலாம்.

எங்க வீட்டு ஃபேன் கெபாசிட்டர் போனப்போ எலெக்ட்ரீஷியன் அண்ணன் சார்ஜ இறக்கிட்டு பழச கையில குடுத்தாரு (இறக்காம தொட்டுடாதீங்க). 2.5 மைக்ரோஃபாரட். அறுத்துப் பாத்தா மெட்டல் பூசுன மெல்லிசு பிளாஸ்டிக் சுருள், பாலிபுரோபிலீன். அதோட கே வெறும் 2.2 தான், தண்ணிக்கு 80 கிட்ட. அப்புறம் ஏன் இதுனா, காத்துல மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் வந்தாலே பொறி பறக்கும், இந்த ஃபிலிம் அதைவிட பல மடங்கு தாங்கும், அதனால மெல்லிசா சுத்தலாம். தண்ணில கரண்ட் கசிஞ்சிடும்.

பாதி நிரப்புன கணக்குக்கு ஃபார்முலா வேணாம். ஸ்லாப் தடிமனை கேயால வகுத்தா அவ்ளோ காத்துக்கு சமம். 4 மில்லிமீட்டர் இடைவெளியில 2 மில்லிமீட்டர் ஸ்லாப், கே 4னா, அது அரை மில்லிமீட்டர் காத்து, மொத்தம் 2.5, மின்தேக்குத்திறன் 1.6 மடங்கு. மெட்டல் தகடுனா அந்த தடிமனை பூஜ்யம்னு போட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போங்க.