நூற்றுக்கு நூற்று முப்பது

புதுச்சேரியில் ஒரு தனியார் ஆய்வகத்தின் செல் வளர்ப்புப் பிரிவில் சேர்ந்த முதல் ஆண்டில், செல்கள் உயிரோடு உள்ளனவா என்பதை நிறமாற்றத்தால் காட்டும் எம்.டி.டி. சோதனையை நான் எடைத் தராசைப் போல நம்பினேன். கடலூரிலிருந்து காலைப் பேருந்தில் ரெட்டிச்சாவடி, அரியாங்குப்பம் வழியாக வந்து சேர்ந்ததும், 96 குழிகள் கொண்ட தட்டில் எம்.டி.டி.யின் மஞ்சள் கரைசலைச் சேர்த்து, 37 டிகிரியில் சில மணி நேரம் வைத்து, அடியில் படிந்த ஊதாப் படிகங்களை டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்து, 570 நானோமீட்டரில் அளந்தால், எத்தனை விழுக்காடு செல்கள் உயிரோடு உள்ளன என்ற எண் கணினித் திரையில் வந்து நிற்கும். 1983இல் மோஸ்மன் வெளியிட்ட இந்த முறை மலிவானது, எளிதானது. அந்த எளிமையே என்னைச் சோம்பேறியாக்கியது.

முதலில் இடறியது நெல்லிக்காய்ச் சாற்றில். சாறு சேர்க்காத குழிகளை நூறாகக் கொண்டால், சாறு சேர்த்த குழிகள் 130 விழுக்காடு காட்டின. செல் பெருக்கத்தைத் தூண்டுகிறது என்று குறிப்பேட்டில் எழுதியும் விட்டேன். எங்கள் பிரிவின் மூத்த ஆய்வாளர் அதைப் படித்துவிட்டு, “நூறு பேர் இருக்குற வீட்ல நூத்தி முப்பது பேர் எப்படிப்பா உயிரோட இருப்பாங்க?” என்று கேட்டார். பெருகியிருக்கலாமே மேடம் என்று வாதாடினேன். அவர் பதில் சொல்லவில்லை; செல்லே இல்லாத குழிகளில் சாற்றையும் எம்.டி.டி.யையும் மட்டும் சேர்த்து வைக்கச் சொன்னார். அவையும் ஊதாவாயின. வைட்டமின் சியும் பாலிஃபீனால்களும் தாமாகவே எம்.டி.டி. என்ற மஞ்சள் டெட்ராசோலியத்தை ஒடுக்கி (எலக்ட்ரான் கொடுத்து) ஊதா ஃபார்மசானாக்கிவிடும்; அதற்கு உயிர் தேவையில்லை. சாற்றை நீக்கி, செல்களைக் கழுவிய பிறகே எம்.டி.டி. சேர்த்திருக்க வேண்டும்.

இது வேதியியல் பிழை; கழுவினால் தீர்ந்துவிடும். அடுத்தது அப்படிப்பட்டதன்று. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் எலக்ட்ரான் கடத்தலைத் தடுக்கும் ஒரு சேர்மத்தை ஹெப்ஜி2 என்ற கல்லீரல் புற்றுநோய்ச் செல்களில் சோதித்தபோது நிறம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பாதி செல்கள் இறந்தன என்று அறிக்கை தயாரானது. ஆனால் நுண்ணோக்கியில் தட்டு நிறையச் செல்கள் ஒட்டியிருந்தன. பிரித்தெடுத்து, இறந்த செல்களில் மட்டும் ஏறும் டிரிப்பான் நீலச் சாயம் இட்டு எண்ணியதில் நீலம் ஏறியவை சொற்பமே. செல்லுக்குள் எம்.டி.டி.யை ஒடுக்குவது, எலக்ட்ரான் கொடுக்கும் என்.ஏ.டி.எச். போன்ற மூலக்கூறுகளைப் பயன்படுத்தும் நொதிகள். அவற்றுள் கணிசமானவை மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியேயும் உள்ளன. ஆகவே நிறம் அளப்பது செல்களின் எண்ணிக்கையை அன்று; அவற்றின் ஒடுக்கும் திறனை. அந்தத் திறன் சாவுக்கு முன்பே சரியலாம், சரியாமல் ஏறவும் செய்யலாம்.

அப்படியானால் சேர்மம் தீங்கற்றது என்று முடிவுகட்ட இருந்தேன். அதுவும் அவசரம். நாங்கள் பயன்படுத்திய வளர்ப்பு ஊடகத்தில் லிட்டருக்கு 4.5 கிராம் குளுக்கோஸ் இருந்தது. சாதாரண ரத்தத்தில் இருப்பது ஏறத்தாழ ஒரு கிராம்தான். இவ்வளவு சர்க்கரை கிடைக்கும்போது புற்றுநோய்ச் செல்கள் மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே குளுக்கோஸை உடைக்கும் கிளைகோலிசிஸ் வழியாகவே போதிய ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறைத் தேடிக்கொள்கின்றன, மைட்டோகாண்ட்ரியா முடங்கினாலும் சமாளித்துவிடுகின்றன. ஜெர்மன் உயிர்வேதியியலாளர் வார்பர்க் 1920களில் புற்றுநோய்ச் செல்களில் கவனித்த குணத்தின் நீட்சிதான் இது. குளுக்கோஸுக்குப் பதிலாக கேலக்டோஸ் கொடுத்தால் அந்த வழி மிக மெதுவாகிவிடுவதால் செல்கள் மைட்டோகாண்ட்ரியாவையே நம்பியாக வேண்டும். கேலக்டோஸில் அதே அளவு சேர்மம் செல்களை உண்மையிலேயே கொன்றது. எண்ணிக்கையே அதைச் சொன்னது. குளுக்கோஸில் எம்.டி.டி. இல்லாத சாவைக் காட்டியது; அதே குளுக்கோஸ் இருக்கக்கூடிய நச்சை மறைத்தது. இரண்டும் ஒரே தட்டில் நடந்தன என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குச் சில நாட்கள் பிடித்தன.

இப்போது செல் இல்லாத குழிகளை ஒவ்வொரு தட்டிலும் ஒதுக்குகிறேன். சந்தேகம் வந்தால் மொத்தப் புரதத்தை அளக்கும் எஸ்.ஆர்.பி. சாயமோ, சவ்வு கிழிந்தால் வெளியேறும் எல்.டி.எச். நொதியோ துணைக்கு வரும். அறிக்கையில் ‘உயிருள்ள செல்கள்’ என்ற தலைப்பை ‘எம்.டி.டி. ஒடுக்கம்’ என்று மாற்றினேன். வாடிக்கையாளர்களுக்கு அது பிடிக்கவில்லை. முன்பு அனுப்பிய அறிக்கைகளில் இரண்டைத் திருத்தி அனுப்பினோம். மூன்றாவதற்குரிய சாற்றின் மிச்சம் கையில் இல்லாததால் அது அப்படியே இருக்கிறது.